இருபது மீற்றர் அகலக் கோடு

— முக்கால் மணித்தியாலம் இஞ்ச இருந்திட்டு, நாடியா அழுதுகொண்டுதான் போனவா, மங்கை. என்ர ரெண்டு கண்ணாலயும் கண்டனான். நான் யன்னல் சீலை மாத்திக்கொண்டு நிண்டனான், வேணுமெண்டு பாக்கேல்லை.

— முக்கால் மணி நேரமாவா ஜன்னல் சீலை மாத்தினீங்க, கௌரிக்கா?

— பெரிய யன்னல். நீ கதையை மாத்தாதை. உன்ர பக்கத்து வீட்டு நாடியா காலமை பத்து மணிக்கு இஞ்ச வந்தவா. கையில ஒரு மண்ணிறக் கவர். பத்தே முக்காலுக்கு வெளிய வந்தவா. கவர் இல்லை, கண் மட்டும் சிவந்து போய்க் கிடக்கு. நீ அரை நாள் வேலைக்குப் போட்டாய். வீட்டில உன்ர மனுசன் வைத்தியண்ணை தனிய. நான் ஏன் கேக்கிறன் எண்டால், ரோட்டில ஆரும் கேட்டால் நான் ஒரு மறுமொழி சொல்லோணும்.

— ரோட்ல யாரு கேக்கப்போறா?

— நான் சொல்லாமல் விட்டால் ஒருத்தரும் கேக்கமாட்டினம், அது சரி.

— உக்காருங்க முதல்ல. டீ போடறேன். நீங்க நெனைக்கிற மாதிரி எதுவும் இல்ல.

— நான் ஒண்டும் நினைக்கேல்லை. நினைக்கிற பழக்கத்தை விட்டு எவ்வளவு காலம். சீனி ஒண்டு காணும். அந்தக் கவர் உதுவோ, மேசையில கிடக்கிறது?

— அதுதான். பிரிச்சிட்டீங்களா?

— பிரிஞ்சுதான் கிடந்தது. உள்ளுக்கை ஒரு பழைய கடதாசி, அரபு எழுத்து. இன்னொண்டு புதுசு, போட்டோக் கொப்பி. ஏதோ மேப். நாடியா வீட்டை விக்கப்போறாவோ?

— இங்க வால்தம்ஸ்டோவுல இருக்கிற வீடு இல்லக்கா. அவங்க ஊர்ல அப்பாவோட நிலம். பலஸ்தீனத்துல, நப்லஸ் பக்கத்துல ஒரு கிராமம். அதைப் பறிக்கப் போறாங்க. வியாழக்கிழமைக்குள்ள ஆட்சேபணை குடுக்கலைன்னா போயிடும்.

— இண்டைக்குச் செவ்வாய்.

— ஆமா. அதுக்குத்தான் ரெண்டு வாரமா நடந்துகிட்டிருக்காங்க. என் வீட்டுக்காரர் சிலோன்ல சர்வேயரா இருந்தவராச்சே. பழைய தாள்ல இருக்கிற எல்லையைப் புது மேப்ல வரைஞ்சு குடுத்தாப் போதும், கடையில இருந்து ஃபேக்ஸ் அனுப்பிடுவாங்க. இவரு பாப்போம் பாப்போம்னு இழுக்கிறார். இன்னைக்கு முடியாதுன்னே சொல்லியிருப்பார். அதான் அழுதிருக்காங்க.

— அங்க சர்வேயர் இல்லையோ?

— ஒருத்தர் இருக்கிறாராம். மொத்தக் கிராமமும் அவர் வாசல்ல நிக்குதாம். போதாக்குறைக்குப் பழைய தாளோட அசல் இங்க இருக்கு. அப்பா கடைசிக் காலத்துல மககிட்ட வந்தப்போ கையோட கொண்டு வந்துட்டார். இங்கேயே தவறிட்டார்.

— ஓம், ஓம். அந்தச் செத்தவீட்டுக்கு நான் சோறு அவிச்சுக் குடுத்தனான். அவை சாப்பிடேல்லை, காரமாம். சரி, இப்ப எனக்கு ஒண்டு சொல்லு. பறிக்கிறது ஆர்?

— ஆர்மி ஓர்டர் போட்டிருக்கு. இஸ்ரேல் ஆர்மி.

— ஆமிக்கு என்னத்துக்கு ஒலிவ் மரம்?

— ஆர்மிக்கு இல்ல. மலை மேல குடியேறினவங்களுக்கு. மொதல்ல மலை உச்சியில ஒரு கேரவன் வந்துச்சாம்.

— கரவனோ? நாங்கள் கிளாக்டன் கடற்கரைக்கு ஹொலிடே போனமே, அந்த மாதிரியோ? கக்கூசும் உள்ளுக்கையே?

— அதே மாதிரிதான். ஒரு குடும்பம். அடுத்த மாசம் ஒரு தண்ணித் தொட்டி. அப்புறம் ஜெனரேட்டர். அவங்களுக்குக் காவல் வேணும்னு நாலு சோல்ஜர். சோல்ஜர் வண்டி போகணும்னு ரோடு. ரோடு போட்டாச்சேன்னு இன்னும் இருபது வீடு. இப்போ ஸ்கூல்கூட இருக்காம்.

— கரவனுக்கு ஆர் பெர்மிஷன் குடுத்தது?

— யாரும் குடுக்கல. அவங்க சட்டப்படியே அது தப்புதானாம்.

— பிறகு ஏன் ஆமி காவல்?

— தப்பா வந்தவங்க உயிரும் உயிர்தானேன்னு.

— நான் பின்பக்கம் ஒரு குசினி இழுக்க நாலு மாசம் கவுன்சில் என்னை ஆட்டிப் படைச்சது. கரவனைக் கொண்டுவந்து விட்டிருக்கோணும். அந்தச் சனம் எவடத்தில இருந்து வந்தவை?

— முதல்ல வந்த குடும்பம் அமெரிக்காவுல இருந்து. கடவுள் எங்களுக்குக் குடுத்த இடம்னு சொல்றாங்களாம்.

— கடவுள் குடுத்ததெண்டால் காணி உறுதி, பத்திரம் இருக்கோணுமே. எந்த நொத்தாரிசு பதிஞ்சவர்? நீ சிரிக்காதை, மங்கை. நான் குழம்பிப் போய்க் கிடக்கிறன். எங்கட வீட்டில இஸ்ரேல் எண்டால் வேற கதை. என்ர மனுசன் இருக்கேக்கை எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் அதைத்தான் சொல்லுவார். ரெண்டாயிரம் வருசம் நாடில்லாமல் அலைஞ்ச சனம் நாடு பிடிச்சுது, அவையைப் பாத்துப் படியுங்கோ எண்டு. என்ர தம்பி ஸ்ரீதரன் அந்த நாளையில இயக்கத்தில சேந்து லெபனானுக்குப் பயிற்சிக்குப் போனவன். ஆரிட்டப் பயிற்சி?

— யார்கிட்ட?

— பலஸ்தீனக்காரரிட்ட. ரெண்டு பேரையும் ஒரு மேசையில இருத்தினால் எனக்குச் சோறு போடப் பயம். அதுக்குள்ள எண்பத்து நாலில கொழும்பில இஸ்ரேல்காரருக்கு ஒரு ஒபிஸ் திறந்து, அவை எங்கட ஆமிக்குப் பழக்க வந்திட்டினம் எண்டு ஊரெல்லாம் கதை. அப்ப ஆர் எங்கட பக்கம், நாங்கள் ஆற்ற பக்கம்? நான் மனுசனைக் கேட்டனான். அவர் சொன்னார், உனக்கு அரசியல் விளங்காது எண்டு. அவருக்கு விளங்கினதோ எண்டு கேக்கிறதுக்கிடையில போய்ச் சேந்திட்டார்.

— நான் மலேசியாவுல பொறந்தவ. எங்க தாத்தா ரப்பர் தோட்டத்துல இருந்தார். எங்களுக்குன்னு ஒரு சாண் நிலம் இருந்ததில்ல, அதனால யாரும் பறிக்கவும் இல்ல. எனக்கு நாடியா சொல்லித்தான் இது எதுவுமே தெரியும்.

— சரி, நிலத்துக்கு வா. காரணம் எண்டு ஒண்டு எழுதியிருப்பினமே, கடதாசியில.

— எழுதியிருக்கு. நாடியா எனக்கு வரிவரியா இங்கிலீஷ்ல படிச்சுச் சொன்னாங்க. மூணு வருஷம் பயிர் பண்ணாம விட்ட நிலம் அரசாங்க நிலம்னு ஒரு பழைய சட்டம். துருக்கிக்காரன் காலத்துச் சட்டம்.

— துருக்கிக்காரன் எங்கயிருந்து வந்தவன்? இவ்வளவு நேரமும் அவன் கதையிலேயே இல்லை.

— அவன் போயிட்டான், சட்டம் இருக்கு.

— நாடியான்ர தமையன் அங்கதானே இருக்கிறான். அவன் ஏன் மூண்டு வருசம் பயிர் செய்யேல்லை? பஞ்சியோ, சோம்பலோ?

— போக விடல.

— ஆர் விடேல்லை?

— ஆர்மி. மேல இருக்கிறவங்களோட சண்டை வரும்னு. ஒலிவ் பறிக்கிற காலத்துல மட்டும் ரெண்டு நாள் விடுவாங்க, அதுக்கும் முன்கூட்டியே எழுதிக் கேக்கணும். போன வருஷம் போனப்போ நாப்பது மரம் அறுத்துக் கிடந்துச்சாம். கிணத்துல டீசலோ என்னமோ ஊத்தியிருந்துச்சாம். புது ரோட்ல இவங்க வண்டி போகக்கூடாது. முன்ன அஞ்சு நிமிஷத்துல நடந்து போன இடத்துக்கு மலையைச் சுத்தி ஒண்ணரை மணி நேரம்.

— நில்லு. போகவிடாமல் மறிக்கிறது ஆமி.

— ஆமா.

— நீ போகேல்லை, அதால காணி எங்களுக்கு எண்டு சொல்லுறதும் ஆமி.

— ஆமாக்கா.

— திரும்ப ஒருக்காச் சொல்லு.

— நானும் நாடியாவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். கவுன்சில் ஹவுசிங்ல எனக்கு லெட்டர் படிக்கிறதுதான் வேலை. எத்தனையோ மோசமான லெட்டர் படிச்சிருக்கேன். இது ரொம்ப மரியாதையா எழுதியிருக்கு. நாப்பத்தஞ்சு நாள் டைம், இந்த அட்ரஸ், இந்த ஃபாரம். எனக்கு அதுதான் பயமா இருக்கு.

— மரியாதையா எழுதினால் பயம்தான். எங்களுக்கு எழுதவேயில்லை, லவுட்ஸ்பீக்கரில சொன்னவை. சரி, உன்ர மனுசனுக்கு என்ன பிடிச்சது? அந்த மனுசி உனக்கு எவ்வளவு செய்தவா.

— அதைத்தான் நானும் கேக்கிறேன். எனக்கு ஒப்பரேஷன் ஆனப்போ பதினாறு நாள் பருப்பு சூப் வெச்சுக் கொண்டு வந்தாங்க. இவரு கையாலதான் வாங்கினார். இப்போ அவங்க கதவைத் தட்டினா மேல மாடியில போய் நிக்கிறார்.

— என்னைக் கண்டாலும் உப்பிடித்தான், மங்கை. ரெண்டு மாசமா. ரோட்டில என்னைக் கண்டால் அங்கால் பக்கம் கடந்து போறார். நான் நினைச்சனான், என்ர மனுசன் இருக்கேக்கை அவற்ற வானுக்கு ரெண்டு தரம் டிக்கெட் அடிச்சவரெல்லோ, அந்த வெக்கமாக்கும் எண்டு. மஞ்சள் கோட்டில ஒரு அங்குலம் சில்லு ஏறினதுக்கு, தெரிஞ்ச மனுசனுக்கு, டிக்கெட்.

— பார்க்கிங் வார்டன்னா அதுதானேக்கா வேலை. ரெண்டு மாசம் முன்னாடி என்ன நடந்துச்சு?

— ஒண்டும் நடக்கேல்லை. மகள் மிதுஷான்ர சீதனத்துக்கெண்டு பழைய காணி உறுதியைக் கொண்டுவந்து குடுத்தனான். மனுசன்ர தாய்வழிக் காணி, முல்லைத்தீவுக்குத் தெற்கால, மணலாற்றுப் பக்கம், நாவலடிக்குளம் எண்ட ஊர். எண்பத்து நாலில ஆமி வந்து சனத்தை எழுப்பிக் கலைச்சுவிட்டு, சிங்களக் குடியேற்றம் வைச்சது. இப்ப ஆரோ அதுக்குள்ள இருக்கினம். எங்கட ஆக்கள் ஒருத்தரும் இருபது வருசமாக் காணேல்லை. எண்டாலும் உறுதி எங்கட கையில. அதைத்தான் மிதுஷாவுக்கு எழுதப்போறன்.

— போக முடியாத நிலத்தையா சீதனமா எழுதுறீங்க?

— எழுதாமல் விட்டால் அவைக்கே விட்டுக் குடுத்ததாப் போயிடுமெல்லோ. பொடியன் வீட்டுக்காரரும் கேட்டவைதான், காணி எங்க எண்டு. இருக்கு எண்டனான். பாக்கலாமோ எண்டினம். அங்க இருக்கிறவையைக் கேளுங்கோ எண்டனான். கடைசியா அவை கேட்டது ஒரு பிளான். வளவு எது, வயல் எது, வீடு எவடம் எண்டு ஒரு படம். அதுக்குத்தான் வைத்தியண்ணையிட்டக் குடுத்தனான். உறுதியை விரிச்சுப் பாத்தார், மடிச்சுத் தந்தார், கண் தெரியேல்லை எண்டார். கண் தெரியாத மனுசன் எப்பிடி அங்குலக் கணக்கில டிக்கெட் அடிக்கிறது? ஆ, வெளியில சப்பாத்துச் சத்தம். வாறார்போல கிடக்கு.

— என்னங்க, எங்க போயிட்டீங்க? லீவு நாள்னு பேரு, பகல் முழுக்க ஆளையே காணோம்.

— நடந்தனான். மாஷ் சதுப்பு வெளிப் பக்கம். சரியாச் சொன்னால் ஏழு மைல். வாங்கோ தங்கச்சி. எத்தினை மணிக்கு வந்தனீங்கள்?

— இப்பதான் அண்ணை.

— ஒரு மணிக்கு வந்தாங்க.

— மங்கை, நீ பேசாமல் இரு. வைத்தியண்ணை, நான் சுத்தி வளைக்க மாட்டன். நாடியா ஏன் அழுதுகொண்டு போனவா? நான் ஏன் கேக்கிறன் எண்டால், நானும் உங்களிட்ட ஒரு கடதாசி தந்தனான். அவவும் தந்தவா. ரெண்டையும் நீங்கள் தொடுறியள் இல்லை. தொழில் மறந்து போச்செண்டால் அதைச் சொல்லுங்கோ, நாங்கள் பேசாமல் இருக்கிறம்.

— தொழில் மறக்கேல்லை.

— அப்ப செய்து குடுங்கோவன். வியாழனாம்.

— என்ர லைசென்ஸ் இஞ்ச செல்லாது, தங்கச்சி. அங்கயும் செல்லாது.

— யாரும் லைசென்ஸ் கேக்கலங்க. கோடு எங்க, எல்லை எங்கன்னு காட்டினாப் போதும்னுதான் வக்கீல் சொல்லியிருக்கார். இங்க பாருங்க, இது ஒண்ணுதானே மேப். எனக்கு மேலயும் தெரியல, கீழயும் தெரியல.

— தலைகீழாப் பிடிச்சிருக்கிறாய். இப்பிடி. கண்ணாடியைத் தா. இது ஒண்டுக்கு இருபதினாயிரம். இந்தக் கறுப்புக் கோடுதான் ஓர்டர் கோடு. இதின்ர தடிப்பு எவ்வளவு, சொல்லுங்கோ பாப்பம்?

— பேனாக் கோடுதானே அண்ணை.

— ஒரு மில்லிமீற்றர். நிலத்தில அது இருபது மீற்றர் அகலம். மரத்துக்கு மரம் ஏழு மீற்றர் எண்டு வைச்சால், கோட்டுக்குள்ளையே மூண்டு வரிசை மரம் நிக்குது. அந்த மூண்டு வரிசையும் ஆற்ற?

— நாடியா வீட்டோடது.

— இல்லை. ஆமியின்ரயும் இல்லை. பேனையின்ர. ஆனால் போய்ப் பாத்தால் வேலி கோட்டுக்கு இஞ்சால், ஊர்ப் பக்கம்தான் நிக்கும், அங்கால் மலைப் பக்கம் நிக்காது. ஒரு நாளும் நிக்காது.

— அடடே.

— இன்னும் இருக்கு. கோடு மலைச் சரிவோட நேரா வருது, பாருங்கோ. இவடத்தில மட்டும் ஒரு வளைவு. கீழ இறங்கி, சுத்தி, திரும்ப மேல போகுது. இதுக்குள்ள கிணறு இருக்கோணும்.

— இருக்குங்க. நாடியா சொன்னாங்க. ஆனா மேப்ல போடலையே.

— போடமாட்டினம். வீடுகளைப் பார், எல்லாத்தையும் கவனமா வெளிய விட்டிருக்கு. ஆக்கள் உள்ளுக்கு அம்பிட்டால் கேள்வி வரும். ஆக்கள் வெளிய, தண்ணி உள்ளுக்கு. இந்தக் கீழ இருக்கிறது மேலயிருந்து பிளேனில எடுத்த படம். நிலம் சாம்பலாக் கிடக்கு. மழைக்கு முந்தி, உழ முந்தி, பாத்து எடுத்திருக்கு. உழுது ஒரு கிழமையால எடுத்திருந்தால் கறுப்பா வந்திருக்கும்.

— மரம் தெரியுதே, புள்ளி புள்ளியா.

— தெரியுது. பக்கத்தில குறிப்பு எழுதியிருப்பினம், பராமரிப்பு இல்லை எண்டு. பழைய கடதாசியையும் கொண்டா. இதில நாடியா பென்சிலால இங்கிலீஷில எழுதியிருக்கிறா. கிழக்கு பாதை, மேற்கு அபு சாலி காணி, வடக்கு பாறை, தெற்கு கிணறு. எங்கட உறுதி எழுதுற மாதிரியேதான். பதினெட்டுத் துனம். ஒரு துனம் சரியாச் சொன்னால் எங்கட நாலு பரப்புக்குக் கொஞ்சம் குறைவு. எழுபது பரப்பு, நாலரை ஏக்கர் மட்டில வரும். இந்தப் பாறையை வைச்சுப் பிடிச்சால் ஒரு மணித்தியால வேலை.

— ஒரு மணித்தியால வேலைக்கோ ரெண்டு கிழமை அந்த மனுசியை நடக்க விட்டனீங்கள்? அண்ணை, நான் ஒண்டு சொல்லட்டோ. எங்கட மாமியாக்களை எழுப்பினபோது இப்பிடி ஒரு மேப்பை வாசிச்சுச் சொல்ல ஒருத்தர் இருந்திருந்தால், வழக்கெண்டாலும் வைச்சிருப்பினம். ஒருத்தரும் இருக்கேல்லை. நீங்கள் அங்க கால் வைக்காமலே கிணறு எங்க எண்டு சொல்லுறியள். இப்பிடி ஒரு கெட்டித்தனத்தை வைச்சுக்கொண்டு மஞ்சள் கோட்டைக் காவல் காக்கிறியள்.

— ஆமாங்க, எனக்கும் அதுதான் புரியல. நீங்க அந்த நாட்டுக்கே போனதில்ல. படத்துல இல்லாத கிணறு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?

— நான் கீறியிருக்கிறன்.

— எதை?

— இப்பிடி ஒரு கோடு.

— பலஸ்தீனத்திலையோ அண்ணை?

— இல்லை, தங்கச்சி. எங்கட பக்கம்.

— எங்கட பக்கம் எண்டால் எந்தப் பக்கம்? அவையோ நாங்களோ? எனக்குத் தலை சுத்துது.

— எண்பத்து நாலு, ஆகஸ்ட். கொழும்பு ஒபிசில ஐஞ்சு பேரை எடுத்தவை. நாலு பேர் சிங்கள ஆக்கள், நான் ஒராள் தமிழ். குளம் திருத்தப் போறம், கீழ இருக்கிற நிலத்தை அளவெடுக்கோணும் எண்டு சொன்னவை. தமிழ் ஊர், அதால தமிழாளின்ர கையெழுத்தும் வேணும் எண்டினம். எனக்குப் பெருமையாயும் இருந்தது. பிளேனில எடுத்த படம் முதலே வந்திட்டுது. நான் செய்ய வேண்டியது நேர போய், படத்தில இருக்கிறது சரியோ எண்டு பாக்கிறது.

— போனீங்களா?

— போனனான். படத்தில காடு. போனால் ஊர். ஓலைக் கூரை, எல்லாம் மரத்துக்குக் கீழ, மேலயிருந்து தெரியேல்லை. புளியமரத்தடியில ஒரு கிணறு. வெயில். ஒரு அம்மா செம்பில மோர் கொண்டுவந்து தந்தவா. என்ன தம்பி எழுதுறாய் எண்டு கேட்டா. குளம் திருத்தப் போறம் அம்மா எண்டனான். அவவுக்குச் சந்தோஷம். அப்ப என்ர வீட்டையும் எழுது, என்ர பேரையும் எழுது எண்டா. நான் கொப்பியில எழுதினனான்.

— பிறகு?

— பிறகு ஒபிசுக்கு வந்தன். பெரியவர் சொன்னார், படத்தில இல்லாததைக் கணக்கில எடுக்கிறதில்லை எண்டு. எனக்கு யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கேட்டு ஒரு கடிதம் அவற்ற மேசையில கிடந்தது. கடைசிப் பக்கத்தில குறிப்பு எண்டு ஒரு இடம் இருக்கு. அதில நான் எழுதினனான். குடியிருப்பு இல்லை. கிணறு ஒண்டு, பாவனையில் இல்லை. கையெழுத்துப் போட்டனான். மாற்றம் கிடைச்சுது. நாலு மாசத்தால ஆமி லொறி போனது.

— கல்யாணம் ஆகிப் பன்னிரண்டு வருஷம். என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லையே நீங்க.

— உனக்கு நிலம் தெரியாது எண்டுதான், மங்கை, உன்னைக் கட்டினதே. மற்ற ஆர் வந்தாலும் முதல் கேள்வி, எந்த ஊர், ஆற்ற பக்கத்துக் காணி.

— எந்த ஊர், அண்ணை?

— தங்கச்சி.

— நான் கேக்கிறன். எந்த ஊர்?

— நாவலடிக்குளம். அப்ப எனக்கு ஊர்ப் பேர்தான் தெரியும், அவை உங்கட ஆக்களெண்டு தெரியாது. ரெண்டு மாசத்துக்கு முந்தி நீங்கள் உறுதியைக் கொண்டுவந்து விரிச்சியள். சீதனம் வாங்கினவ பேர் கனகவல்லி எண்டு கிடந்தது. அந்தப் பேரை நான் என்ர கையால எழுதியிருக்கிறன். பிறகு என்ர கையாலயே கணக்கில எடுக்காமல் விட்டிருக்கிறன்.

— மாமி. என்ர மனுசன்ர தாய்.

— கௌரிக்கா, தண்ணி குடிங்க. இந்தாங்க.

— மாமி வவுனியாவில காம்பில செத்தவா. மோர் குடுத்தவாவோ? அவவிட்ட மாடு நிண்டதெண்டு எனக்குத் தெரியாது. மனுசன் சொன்னதில்லை. என்ன மாடு?

— ரெண்டு. ஒண்டு சிவலை.

— சிவலை.

— நாடியாவுக்கு இது தெரியுமாங்க?

— இண்டைக்குக் காலமை சொன்னனான். ஏன் ரெண்டு கிழமையா இழுக்கிறியள் எண்டு நேர கேட்டா. முடியாது எண்டு நான் சொல்லேல்லை. இதைத்தான் சொன்னனான்.

— என்ன சொன்னாங்க?

— கண்ணைத் துடைச்சா. எழும்பிப் போட்டா. கடதாசி மேசையில கிடந்தது. மறந்துபோய் விட்டவாவோ, வேணுமெண்டு விட்டவாவோ, எனக்கு விளங்கேல்லை. குடுக்கப் போகவும் ஏலாது, தொடவும் ஏலாது. அதுதான் ஏழு மைல் நடந்தனான்.

— பெல் அடிக்குது.

— திறவாதை, மங்கை. எனக்கு அவவின்ர முகத்தைப் பாக்க ஏலாது.

— அவங்கதான். கண்ணாடியில தெரியுது. கையில அவங்க பையனோட ஸ்கூல் பென்சில் பெட்டி. ஸ்கேலும் இருக்கு.

— அப்ப மன்னிச்சிட்டாவோ?

— அந்தக் கேள்வியை அவவிட்டக் கேட்டிடாதையுங்கோ, அண்ணை. வியாழக்கிழமைக்குள்ள வேற ஆள் இல்லை. அவ்வளவுதான். திற, மங்கை.

— நீங்க போறீங்களாக்கா? முன்வாசல் வழியா வேணாம்னா பின்பக்கம் கதவு இருக்கு.

— நான் ஏன் பின்பக்கத்தால போறன்?

— தங்கச்சி, ரோட்டில எல்லாருக்கும் சொல்லுங்கோ. நான் மறிக்கமாட்டன். சொல்லுறதுதான் ஞாயம்.

— சொல்லுறதைப் பிறகு பாப்பம். முதல் நாடியான்ர பாறையைப் பிடிச்சு, மூண்டு வரிசை மரத்தையும் கோட்டுக்கு வெளியால எடுத்துக் குடுங்கோ. நான் வீட்டை போய் உறுதியை எடுத்துக்கொண்டு வாறன். மாமியும் போட்டா, மனுசனும் போட்டார், எங்கட வளவு எவடத்தில நிண்டதெண்டு கண்ணால கண்ட ஆக்களில இப்ப உயிரோட மிச்சம் நீங்கள் ஒராள்தான், அண்ணை.